நடுத்துண்டு

விசுவமடு, பங்குனி.
பத்து மணிக்கே மண் காலைக் கடிக்கிறது.
நானூற்றிருபது குழி.
குழிக்கு இரண்டு கொடி, கொடிக்கு ஒரு காய்.
மற்றப் பிஞ்செல்லாம் கிள்ளியாயிற்று.
முதல் வருசம் கிள்ள மனம் வரவில்லை,
கொடிக்கு ஐந்து விட்டேன்.
ஐந்தும் தேங்காயளவில் நின்று
என்னைப் பார்த்தன.

பெண்பூவை இலகுவாய் அறியலாம்.
இதழ் விரியுமுன்னரே அடியில்
மயிர் படர்ந்த ஒரு பிஞ்சு,
போளையளவில், வரிகூடப் போட்டபடி.
தேனீ வராத காலைகளில்
ஆண்பூவைப் பிய்த்து, இதழை உரித்து,
நானே போய்த் தொட்டுவிடுவேன்.
"கலியாணத் தரகர் வந்திட்டா"
என்பாள் அடுத்த காணித் தவமலர்,
வேலிக்கு மேலால்.

முழங்காலில் நகர்வது எனக்குப் பழக்கம்.
ஆறு வருசம், இதே வெயிலில்,
முகமூடிக்குள் வேர்வை வழிய வழிய
நாளைக்கு இத்தனை சதுர மீற்றர் என்று
கண்ணி தேடிப் போனவள்.
அப்போது சத்தம் வரக்கூடாது.
இப்போது தட்டுகிறேன், சத்தம் வரவேண்டும்.

டிங் என்றால் காய்.
டும் என்றால் பழம்.
டொப் என்றால் நீ பிந்திவிட்டாய்.
காம்படிச் சுருள் காய்ந்திருக்கவேண்டும்,
மண்ணில் கிடந்த வயிறு
வெண்ணெய் நிறத்துக்கு வந்திருக்கவேண்டும்.

இவ்வளவும் தெரிந்தும்
முதல் வத்தகப்பழத்தை நான் தின்னவில்லை.
முள்ளம்பன்றி தின்றது.
அது தட்டியும் பார்க்கவில்லை, பிரட்டியும் பார்க்கவில்லை.
இருட்டில் நேரே மூன்றாம் வரிசைக்கு வந்து,
இன்னும் நாலு நாள் கிடக்கட்டும் என்று
நான் விட்டுவைத்ததைத் துளைத்து
கோதை மட்டும் வைத்துவிட்டுப் போயிருந்தது.
பக்கத்தில் ஒரு முள்,
கையெழுத்துப் போட்ட மாதிரி.
அன்று காலையே வியாபாரிக்குப் போன் எடுத்தேன்.

மரியநாயகம் லொறியில் வைக்கோல் பரப்பிக்கொண்டு வந்தார்.
ஒவ்வொன்றிலும் காதை வைத்தார்,
நாடி பார்க்கிறவர் போல முகத்தைச் சுளித்தார்.
"நாப்பது."
"பரந்தன் றோட்டில நூற்றம்பது விக்குது."
"தம்புள்ளையில குவிஞ்சு போய்க் கிடக்குது, பிள்ளை."
ஐம்பத்தைந்தில் இருவரும் களைத்துப்போனோம்.

ஏற்றி முடிந்தபின் அவர் கண்
கிணற்றடி மூலைக்குப் போனது.
இலைக்குக் கீழே, சாக்குப் போர்த்தபடி,
பன்னிரண்டு கிலோவுக்குக் குறையாதது.
"அது?"
"அது விக்கிறேல்லை."
"வெடிப்போ?"
"இல்லை."
"விதைக்கோ?"
"கலப்பின விதை, ஐயா. போட்டாலும் இந்தக் குணம் வராது."
"பிறகு?"
நான் கணக்குக் கொப்பியை மூடினேன்.

எட்டு வருசமாய் இதைச் செய்கிறேன்.
தின்றது என்ன?
வெடித்தது, கோணினது, காகம் கொத்தினது,
முள்ளம்பன்றி மிச்சம் விட்டது.
கோதின் வெள்ளையைச் சீவி வைத்த கறி.
திறமானது எப்போதும் லொறியில் ஏறும்,
எவருடையவோ கலியாணத்தில்
முக்கோண முக்கோணமாய் அடுக்கப்படும்.

லொறிப் புழுதி அடங்கியது.
பழத்தைச் சாக்கோடு கட்டிக் கிணற்றில் இறக்கினேன்.
இரண்டு மணித்தியாலம்.
அதற்குள் குழாய்களைச் சுருட்டினேன்,
மோட்டருக்கு எண்ணெய் விட்டேன்,
மூன்று தரம் போய்க் கயிற்றைத் தொட்டுப் பார்த்தேன்.

கத்தி நுனி பட்டதுதான்.
மிச்சத்தை அது தானே செய்தது,
கத்திக்கு முன்னால் ஓடி,
அடிவரைக்கும், ஒரே சடாரில்.

விதை தொடாத நடுவைக் கையால் கிள்ளி எடுத்தேன்.
அது சிவப்பில்லை. சிவப்புக்குப் பிறகு வருகிற ஒன்று.
சீனி படிந்து மினுங்கியது.
குளிர் முதலில் பல்லுக்கு வந்தது, பிறகு நெற்றிக்கு.
சாறு முழங்கைவரை போய்ச் சொட்டியது.
எறும்புக்கு நான் சொல்லவில்லை, ஆனாலும் வந்துவிட்டது.

"என்னடி வெடிச்சது?"
வேலிக்கு அங்கால் தவமலர்.
அந்தச் சொல்லை இந்த மண்ணில்
இப்படிச் சாதாரணமாய் ஒருத்தி கேட்கிறாள்,
கையில் கரண்டியோடு.

"வா, வந்து தின்.
நடுத்துண்டு மட்டும் கேளாதை."